கேஸ் தீர்ந்துபோவதில்லை

“ஏசி கூலாகவில்லை என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது. கடலோர வீடு என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏற்றித்தான் ஆக வேண்டும்.” புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் இதை மெக்கானிக் சொல்கிறார், வீட்டுக்காரர் சொல்கிறார், வீட்டில் ஏசியே இல்லாத எதிர்வீட்டுப் பெரியவரும் சொல்கிறார். வைத்திக்குப்பத்திலும் சோலை நகரிலும் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். யாரும் இதை ஒரு கருத்தாகச் சொல்வதில்லை. நடைமுறை உண்மையாகச் சொல்கிறார்கள். அதனால்தான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது. இதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன, இரண்டுமே தப்பு.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அடுப்புக்கு வரும் சிலிண்டரில் இருக்கும் கேஸ் எரிந்து தீர்கிறது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை. அது செம்புக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு திரவம். அறைக்குள் இருக்கும் காயிலில் கொதித்து ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்தி வெளியே தள்ளுகிறது. அவுட்டோர் யூனிட்டில் இருக்கும் காயிலில் அது சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் திரவமாகி உள்ளே வருகிறது. வேலை செய்வது மின்சாரம், கேஸ் வெறும் சுமைதூக்கி. எத்தனை லட்சம் முறை சுற்றினாலும் ஒரு கிராம்கூடச் செலவாகாது.

நம்பவில்லை என்றால் உங்கள் சமையலறையையே பாருங்கள். அங்கே நிற்கும் ஃப்ரிட்ஜும் இதே வித்தையைத்தான் செய்கிறது. கம்ப்ரசர், இரண்டு காயில், நடுவில் ஒரு நுண்குழாய், உள்ளே கேஸ். ஏசியாவது வருஷத்தில் நாலைந்து மாதம் ஓடும், ஃப்ரிட்ஜ் 365 நாளும் ஓடுகிறது. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஃப்ரிட்ஜ்கள் இந்தத் தெருக்களிலேயே இருக்கின்றன. அதற்கு யாராவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கேஸ் ஏற்றுகிறோமா? கேஸுக்கு ஆயுசு உண்டு என்பது உண்மையானால் அந்த விதி ஃப்ரிட்ஜுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லையே.

ஆக, கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது மராமத்து ஆகாது. ஆனால் நம் வீடுகளில் வருஷா வருஷம் நடக்கும் உரையாடல் இது:

“அக்கா, கேஸ் இறங்கிப்போச்சுக்கா. ஏத்திட்டா சில்லுன்னு ஆயிரும்.”

“போன வருஷம்தானே தம்பி ஏத்துனீங்க?”

“கடல்காத்துக்கா. இங்க எல்லா வீட்லயும் அப்படித்தான்.”

அக்கா பணத்தை எடுக்க உள்ளே போய்விடுகிறார். கடல்காற்று என்று சொன்ன பிறகு மேற்கொண்டு கேள்வி கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல்காற்று எதையெல்லாம் தின்னும் என்று தெரியும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், படகின் எஞ்சின், வாசல் கேட்டின் கீல் எல்லாம் அதற்கு இரை. ஏசியையும் தின்னும் என்றால் ஏன் நம்பமாட்டார்கள்? நானும் நம்புகிறேன். ஆனால் அது எதை முதலில் தின்கிறது என்பதில்தான் அந்தத் தம்பியோடு எனக்குச் சண்டை.

அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். செம்புக் குழாய்கள் வளைந்து வளைந்து போகும். அவற்றைக் கோத்துக்கொண்டு காகிதம் மாதிரி மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். அவைதான் ஃபின். குழாயின் சூடு ஃபினுக்கு வந்து, ஃபினிலிருந்து காற்றுக்குப் போகிறது. செம்பும் அலுமினியமும் ஒட்டி நின்று, இரண்டையும் உப்புத் தண்ணீர் நனைத்தால், அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடும். அந்த பேட்டரியில் கரைவது அலுமினியம், செம்பு தப்பித்துக்கொள்ளும். அதனால் கடலோரத்தில் முதலில் சாவது ஃபின்தான். விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். குழாய் முழுசாக இருக்கும், உள்ளே கேஸும் முழுசாக இருக்கும், ஆனால் சூடு வெளியே போக வழி இருக்காது. ஏசி ஓடும், குளிராது.

கேஸ் ஒரு கிராம் குறையாத இப்படிப்பட்ட ஏசிகளுக்குத்தான் இங்கே கேஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பு வந்து சேரும் விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1980-களின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகத் தடுப்புச்சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, புதுச்சேரி நகரத்துக்கும் அதன் வடக்கே இருக்கும் குப்பங்களுக்கும் கரை போனது. கரை போன இடங்களில் கல்லைக் கொட்டினார்கள். மணல் கரையில் அலை ஓடி ஏறி அடங்கும், கல்லில் மோதினால் சிதறித் தெறிக்கும். அந்த உப்புத் துளிகள்தான் காற்றில் ஏறி நம் மாடியில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டில் வந்து உட்காருகின்றன. படகு இழுத்துப்போட இடம் போய்விட்டது என்று மீனவர்கள் இத்தனை வருஷமாகச் சொல்லிவரும் அதே விஷயத்தின் சின்ன வால்தான் இது. அவர்கள் இழந்ததோடு ஒப்பிட்டால் ஏசி ஒரு பொருட்டே இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

கவனிக்க வேண்டியது, உப்பு அரிப்பதற்கு ஏசி ஓட வேண்டியதில்லை. சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். உப்பு ஜாடியைத் திறந்து வைத்த எவருக்கும் இது தெரியும். நம் கடற்கரையில் ராத்திரியில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். பொங்கலுக்குப் பிறகு மழை நின்றுவிடுகிறது, கழுவிவிட ஆளில்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏசி சும்மா இருக்கும்போது ஃபின் மேல் படிந்த உப்பு ராத்திரிதோறும் நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. ஏப்ரலில் சுவிட்சைப் போட்டதும் “போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு” என்கிறோம். அணைத்து வைத்திருந்த மாதங்களில்தான் அது கெட்டுப்போனது.

“என்னமோ சொல்லுங்க, கேஸ் ஏத்தினதும் கூலாகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. கண்ணால் கண்டதை மறுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு மெக்கானிக் கேஸ் மட்டுமா ஏற்றினார்? வந்தவுடன் இன்டோரைத் திறந்து ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். அவுட்டோர் மேல் தண்ணீர் பீய்ச்சினார். உறைந்திருந்த காயில் அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உருகியது. இத்தனைக்கும் பிறகு கடைசியில் கேஸ் போனது, பெயர் கேஸுக்குப் போனது. அந்த மூன்று வேலையை மட்டும் செய்துவிட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தால் பல வீடுகளில் சிலிண்டரை மாடிக்குத் தூக்கவே வேண்டியிருக்காது. உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்த வீடுகளிலோ, ஏற்றியது ஓட்டை வழியே போகும் வரைக்கும் குளிரும். அடுத்த கோடையில் அதே தம்பி, அதே அக்கா.

சரி, கேஸ்தானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மெக்கானிக்கின் பையில் பெரும்பாலும் கிளாம்ப் மீட்டர் இருக்கும், வயரைச் சுற்றிக் கவ்விப்பிடித்து எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி. இன்வர்ட்டர் இல்லாத சாதா ஒன்றரை டன் ஏசி சுமார் 7 ஆம்பியர் இழுக்கும், சரியான எண் யூனிட்டின் பக்கவாட்டு லேபிளிலேயே அச்சாகியிருக்கும். கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரசருக்கு அழுத்த ஒன்றும் இல்லை, ஆம்பியர் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கும். அவுட்டோர் காயில் அடைத்திருந்தால் அழுத்தம் எகிறும், ஆம்பியர் மேலே ஏறும். இரண்டும் நேர் எதிர்த் திசை. ஆம்பியர் ஏறிக்கிடக்கும் மெஷினில் கேஸ் ஏற்றுவது மூச்சுத் திணறுகிறவன் நெஞ்சில் ஏறி உட்காருவதுதான். கம்ப்ரசர் சூடாகி அடிக்கடி கட் ஆகும், சீக்கிரமே காயிலோடு சேர்ந்து கம்ப்ரசருக்கும் செலவு வரும்.

வீட்டில் இருப்பவர்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை இன்டோரில் காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் பிடித்துப் பாருங்கள். இருபது நிமிஷம் ஓடிய பிறகு, பொதுவாக 8-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் மெஷின் தன் வேலையைச் செய்கிறது. கடலோரத்தில் ஈரம் மிகுந்த நாளில் வித்தியாசம் இன்னும் சற்றுக் குறையலாம். காரணம், ஏசி இங்கே சூட்டோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. காற்றில் இருக்கும் நீராவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 0.7 யூனிட் அளவுக்கு வெப்பத்தை எடுத்தாக வேண்டும். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் மெஷின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் விடும். வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக முதல் ஏசியை வடிவமைத்ததே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து கலர் அச்சு ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் போனது அவர்கள் பிரச்சினை. ஆகவே டிரெயின் குழாயில் தண்ணீர் நன்றாகச் சொட்டுகிறது, ஆனால் அறை குளிரவில்லை என்றால், உள் காயில் குளிர்ந்துதான் இருக்கிறது. கேஸைச் சந்தேகிக்காதீர்கள். கதவிடுக்கையும் ஜன்னலையும் மொட்டைமாடியையும் சந்தேகியுங்கள்.

காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று ஒரு துணைவிதி வைத்திருக்கிறார்கள். பாதி உண்மை. கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டு உருக்கி, ஃபில்டரைக் கழுவி, மறுபடி போட்டுப் பார்த்தால் போதும். காற்றுத் தடையால் வந்த ஐஸ் திரும்ப வராது. கேஸ் குறைவால் வந்தது, காயிலின் ஒரு மூலையில் மட்டும், கேஸ் நுழையும் பக்கத்தில், மறுபடியும் கட்டத் தொடங்கும்.

மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அவுட்டோர் ஃபேனின் கெப்பாசிட்டர் தளர்ந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், சூடு போகாது. அது சில நூறு ரூபாய்ச் சாமான். மே மாத ராத்திரியில் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் 230-லிருந்து வெகுவாக இறங்கினால் கம்ப்ரசர் எழும்பாது, இன்டோர் ஃபேன் மட்டும் காற்றை வீசிக்கொண்டிருக்கும். சந்து குறுகலாக இருப்பதால் எதிரெதிர் வீட்டு அவுட்டோர்கள் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு ஒன்று விட்ட அனலை இன்னொன்று குடிக்கும். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் இதே குடும்பத்து மூடநம்பிக்கைதான். அந்த எண் எங்கே நிறுத்துவது என்று மெஷினுக்குச் சொல்கிறது, சாதா ஏசிக்கு எவ்வளவு வேகமாகப் போவது என்று சொல்வதில்லை. 2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் நட்சத்திர முத்திரை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்தது மின்சாரத்தை மிச்சப்படுத்த. நாம் ரிமோட்டை எடுத்ததும் முதலில் செய்வது அதைக் கீழே இறக்குவது.

டன் கணக்கையும் சொல்லாமல் விட மனசில்லை. சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டிகளைச் சேர்த்துவைக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ். ஏசியின் டன்னும் அந்த ஐஸ் வியாபாரக் காலத்து வழக்கத்திலிருந்து வந்த அளவுதான். 2,000 பவுண்டு எடையுள்ள ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அது ஒரு டன், கிலோவாட்டில் சொன்னால் சுமார் மூன்றரை. மெஷினில் எழுதியிருக்கும் டன் எந்நேரமும் அப்படியே கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துப் போட்ட எண் அது. கத்திரி வெயிலில், கடல்காற்று நுழையாமல் மேற்குக்காற்று அடிக்கும் நாளில், 40 டிகிரி அனலில் அதே மெஷின் அந்த அளவு இழுக்காது. வெயில் நேராக இறங்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, ஹாலையும் படுக்கையறையையும் திறந்துபோட்டு ஒரு டன் ஏசியை ஓடவிட்டு, அந்த நாளில் “கேஸ் போச்சு” என்பது மெஷின்மேல் பழிபோடுவது.

இனி இரண்டாவது வாக்கியம். இதைச் சொல்பவர்களில் விவரமானவர்கள் என்னோடு பாதி வரைக்கும் வருவார்கள். “கேஸ் தீராது சார், எங்களுக்கும் தெரியும். லீக்தான். ஆனா கடலோரத்துல லீக் ஆகத்தான் செய்யும். காயில் மாத்துனா புது மெஷின் விலையில பாதி ஆகும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மூவாயிரம் குடுத்து ஏத்திக்கிறது லாபம்.” எதிர்த்தரப்பில் இருப்பதிலேயே பலமான வாதம் இதுதான். இதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

லீக் என்றவுடன் காயில் என்று ஏன் முடிவுகட்டுகிறீர்கள் என்பது என் முதல் கேள்வி. ஃப்ரிட்ஜ் ஒழுகாமல் ஏசி ஒழுகுவதற்குக் காரணம் கடல் மட்டும் இல்லை. ஃப்ரிட்ஜின் குழாய் முழுவதையும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். ஸ்ப்ளிட் ஏசியைப் பாதி பாதியாக அனுப்புகிறார்கள். மீதி இணைப்பை நம் வீட்டுச் சுவரில் ஏணி வைத்து ஏறி நிற்கும் ஒருவர், செம்புக் குழாயின் வாயைப் பூப்போல விரித்து, நட்டு போட்டு முறுக்கி முடிக்கிறார். அந்த ஃப்ளேர் சற்றுக் கோணலாக இருந்தாலும், நட்டை அளவுக்கு மேல் முறுக்கினாலும், அங்கேதான் கசியும். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றுகிறது. எனவே கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். சோப்பு நுரை தடவினால் குமிழி விடும். ஃப்ளேரை வெட்டிவிட்டுப் புதிதாக விரித்துப் போட அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாதவருக்குக் காயில் ஓட்டை என்று சொல்ல உரிமை இல்லை.

காயிலே ஓட்டை என்றால்? அதுவும் நடக்கும், மறுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், செம்பில் ஊசிமுனை ஓட்டை விழுவது பல சமயம் அறைக்குள் இருக்கும் காயிலில். பிளைவுட் பசை, புது பெயின்ட், தரை துடைக்கும் திரவங்கள் இவற்றிலிருந்து வரும் கரிம அமிலங்கள், காயிலின் ஈரத்தில் சேர்ந்து செம்பை எறும்புப் புற்றுபோல் உள்ளே உள்ளே குடைந்துகொண்டு போகும். அதற்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை, பெங்களூரிலும் நடக்கும். எந்தக் காயில் என்று தெரியாமல் “கடல்காத்து” என்று சொல்லிவிட்டால், ஒழுகாத காயிலுக்குப் பழி, ஒழுகும் காயிலுக்குக் கேஸ்.

லாபக் கணக்குக்கு வருவோம். மூவாயிரம் என்பது அன்றைய செலவுதான். கேஸ் குறையக் குறைய மெஷின் கூடுதல் நேரம் ஓடும், குளிர் குறையும், மின்கட்டணம் ஏறும். கம்ப்ரசர் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதே திரும்பி வரும் கேஸினால்தான், அது குறைந்தால் கம்ப்ரசர் சூடாகிச் சாகும். ஃபின் உதிர்ந்த காயிலை வைத்துக்கொண்டு கேஸ் ஏற்றுகிறவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். ஐந்து, ஆறு வருஷத்தில் மூன்று முறை ஏற்றியவர் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். காயில் உண்மையிலேயே பொடிந்துபோயிருந்தால் இந்த மெஷினோடு போராடுவதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போவது மெக்கானிக்கின் கடமை. பாதி உயிரோடு வருஷா வருஷம் இழுத்துக்கொண்டிருப்பது யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

அதோடு கேஸ் எல்லாம் ஒரே கேஸ் என்பது போன தலைமுறைக் கதை. பழைய மெஷின்களில் ஆர்-22, நடுவில் ஆர்-410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்-32, சில மாடல்களில் ஆர்-290 என்ற புரோப்பேன். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது, 2025 ஜனவரி முதல் அதை வைத்துப் புது மெஷின் தயாரிக்க இந்தியாவில் அனுமதி இல்லை. காற்றில் கலந்த ஒரு கிலோ ஆர்-22, நூறு வருஷக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32-க்கு அந்தக் கணக்கு சுமார் 675. குறைவுதான், ஆனால் ஆர்-32 தீப்பற்றக்கூடியது, புரோப்பேன் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆர்-410ஏ இரண்டு கேஸ்கள் சேர்ந்த கலவை, சிலிண்டரிலிருந்து திரவமாக எடுத்து எடைபோட்டு ஏற்ற வேண்டும். இதையெல்லாம் கேஜ் முள்ளைப் பார்த்து, கையால் குழாயைத் தொட்டு “ம், சில்லுன்னு வந்துருச்சு” என்று முடிக்க முடியாது. இன்வர்ட்டர் ஏசியில் அது இன்னும் மோசம். கம்ப்ரசரின் வேகம் தானாகவே மாறுவதால் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும். காயில் அடைத்துச் சூடேறினால் அது கட் ஆகாது, சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முள் காட்டுவதை நம்பி அப்போது கேஸ் ஏற்றினால் இருக்கிற அளவும் கெட்டது.

ஒவ்வொரு மெஷினுக்கும் எத்தனை கிராம் என்று அவுட்டோர் லேபிளில் போட்டிருக்கிறது. வீட்டு ஏசியில் அது ஒரு கிலோவுக்கு முன்பின் இருக்கும், நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். சரியான முறை இதுதான்: மிச்சமிருக்கும் கேஸைக் காலி சிலிண்டரில் பிடித்துவைப்பது, நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது, ஓட்டையை அடைப்பது, பம்ப் போட்டு வேக்கம் இழுப்பது, பிறகு எடைத்தராசில் சிலிண்டரை வைத்து லேபிளில் உள்ள கிராமை எண்ணி ஏற்றுவது. நம் மாடிகளில் இதில் கடைசி வேலையின் கடைசிப் பாதி மட்டும்தான் நடக்கிறது, அதுவும் தராசு இல்லாமல்.

மெக்கானிக்குகளைத் திருடர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலானவர்கள் ஒரு கடையில் அண்ணன் ஒருவரிடம் உதவியாளாக நின்று தொழில் கற்ற பையன்கள். கற்றுக்கொடுத்தவர் என்ன செய்தாரோ அதைச் செய்கிறார்கள். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் தொழிலாளர்களுக்கு 2022-23-க்குள் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. வெயிலில் சுவரோரம் தொங்கிக்கொண்டு உயிரைப் பணயம் வைத்து வேலைபார்க்கும் இவர்களிடம் தராசும் வேக்கம் பம்பும் இல்லை என்றால் அதற்கு நாமும் காரணம். ஒரு மணி நேரம் செலவிட்டு, ஆம்பியர் பார்த்து, நுரை தடவி, “கேஸ் சரியா இருக்குக்கா, காயிலைக் கழுவுனா போதும்” என்று சொல்லும் பையனுக்கு நாம் 300 ரூபாய் கொடுக்க முனகுகிறோம். “ஒண்ணுமே பண்ணல, சும்மா பாத்துட்டுப் போறான்” என்கிறோம். சிலிண்டரைத் திறந்து புஸ் என்று சத்தம் வரவைத்தவனுக்கு மூவாயிரம் கொடுக்கிறோம். அப்புறம் அவன் எதைக் கற்றுக்கொள்வான்?

கழுவுவதிலும் ஒரு எச்சரிக்கை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை அவுட்டோரின் ஃபின்மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றினாலே பாதி உப்பு போய்விடும். பெரிய பிரஷர் பம்பை வைத்து அடித்தால் ஃபின் மடங்கிக் காற்று போகும் வழியே அடையும். ஆசிட் கலந்த பாட்டிலைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது உப்பு மிச்சம்வைத்ததையும் தின்றுவிடும். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலோரப் போர்களில் உப்பு ஏறிய வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் கழுவுவதும் கடல் தண்ணீரில் கழுவுவதும் ஒன்றுதான். குழாயில் வரும் குடிநீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ஃபினுக்குக் காப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது அவுட்டோரைக் கடலைப் பார்த்து மாட்டவிடாதீர்கள், வீட்டின் மறைவில் மாட்டச் சொல்லுங்கள். பூச்சு இருந்தாலும் கழுவத்தான் வேண்டும்.

அடுத்த முறை மெக்கானிக் வந்து கேஸ் இல்லை என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஆம்பியர் எவ்வளவு காட்டுகிறது? ஓட்டை எங்கே? எத்தனை கிராம் ஏற்றப்போகிறீர்கள்? மூன்றுக்கும் பதில் சொல்கிறவருக்கு அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், சோதித்ததற்குத் தனியாகவும் கொடுங்கள். பதில் இல்லை என்றால் டீ வாங்கிக்கொடுத்து, வந்துபோன செலவைக் கையில் கொடுத்து, சிலிண்டரைத் திறக்கவிடாமல் அனுப்பிவிடுங்கள்.